ஜெராக்ஸ் கடைக்காரர் யாருக்காகப் பிரதி எடுக்கிறார்?

டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்றொரு சின்னக் கடை. டெல்லிப் பல்கலைக்கழகமே இடமும் உரிமமும் கொடுத்து நடந்த கடை. பக்கத்துக்கு 40 பைசா என்று உரிமத்திலேயே விலை குறித்திருந்தது. 2012 ஆகஸ்டில் அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் மூன்று பெரிய பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ், கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ். பதிப்புரிமையை மீறிப் பிரதி எடுக்கிறார்கள் என்பது புகார்.

வழக்கு, காகிதப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்ததைப் பற்றியது. இருந்தாலும், போனில் இருக்கும் ஒரு பி.டி.எஃப்பைக் கடையில் கொடுத்து, “அண்ணா, ரெண்டு பக்கமும் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணிக் கொடுங்க” என்று கேட்கும் எவரும், அப்படிக் கேட்டதும் தயங்கும் கடைக்காரரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இதுதான். சொந்தப் படிப்புக்காக ஒரு பிரதி எடுத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்றால், மெஷின் இல்லாத காரணத்தால் அந்த உரிமை போய்விடுமா? இந்த வழக்கின் மையத்தில் இருந்த கேள்வி கிட்டத்தட்ட இதுவே. அந்த நீதிமன்றம் சொன்ன பதில் சரியான பதில் என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் பதில் எதுவரை செல்லும் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இரண்டு பக்கமும் ஏமாறுகிறார்கள்.

கடையில் நடந்தது இதுதான். மேற்படிப்புப் பாடத்திட்டத்தில் ஆசிரியர்கள் வாசிப்புப் பட்டியல் கொடுப்பார்கள். இந்தப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம், அந்தப் புத்தகத்தில் முப்பது பக்கம் என்று ஒரு பாடத்துக்கே நிறையப் புத்தகங்கள் வந்துவிடும். நூலகத்தில் ஒவ்வொன்றிலும் ஓரிரு பிரதிதான் இருக்கும், வகுப்போ பெரியது. அதனால் அந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, பைண்டிங் போட்டுக் கடையில் கொடுத்தார்கள். மாணவர்கள் இதைப் பாடத்தொகுப்பு என்று வாங்கிக்கொண்டு போனார்கள். புத்தகம் புத்தகமாக வாங்கினால் ஆகும் செலவோடு ஒப்பிடவே முடியாத விலை.

பதிப்பகங்களின் வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஐ), பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுத்தால் அது மீறலாகாது என்கிறது. பதிப்பகங்கள் கேட்டது: இங்கே பிரதி எடுப்பவர் ஆசிரியருமில்லை, மாணவருமில்லை, காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் ஒரு கடைக்காரர். அதிலும் முன்கூட்டியே தொகுத்து வைத்து விற்கிறார். இது எப்படிப் பாடம் நடத்துவதாகும்? நகலெடுக்க அனுமதி வேண்டுமென்றால் அதற்கென்றே உரிம அமைப்பு இருக்கிறது, பணம் கட்டி வாங்கிக்கொள்ளட்டுமே என்றும் சொன்னார்கள். 2012 அக்டோபரில் நீதிமன்றம் பாடத்தொகுப்பு எடுப்பதற்கு இடைக்காலத் தடை போட்டது.

தடை வந்த பிறகுதான் மாணவர்கள் சும்மா இருக்க முடியாது என்று வழக்குக்குள் வந்தார்கள். அறிவு எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் தொடங்கிய சங்கமும், பேராசிரியர்கள் தொடங்கிய இன்னொரு சங்கமும் எதிர்த்தரப்பில் சேர்ந்துகொண்டன. யாருடைய நலனுக்காக வழக்கு நடக்கிறது என்று சொல்லப்பட்டதோ அந்த எழுத்தாளர்களே எதிர்த்துப் பேசியதுதான் இதில் என்னை மிகவும் தொட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் தன் புத்தகங்களை வெளியிட்ட அமர்த்திய சென், இந்த வழியில் போக வேண்டாம் என்று பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார். 2013-இல் 300-க்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கைத் திரும்பப் பெறும்படி பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். எந்தெந்தப் புத்தகங்களைப் பிரதி எடுத்தார்கள் என்று வழக்கில் பட்டியல் இருந்ததோ, அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் சிலரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

தனி நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா 2016 செப்டம்பர் 16 அன்று தீர்ப்புச் சொன்னார். வழக்கைத் தள்ளுபடி செய்தார். சட்டத் தீர்ப்பு என்றாலே பலரும் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். இதில் ஒரு பகுதியை மட்டுமாவது படித்துப் பார்க்கலாம். தான் சட்டம் படித்த காலத்தை அவர் நினைவுகூர்கிறார். அன்றைக்கு ஜெராக்ஸ் வசதி குறைவு, நேரம் பிடிக்கும், விலையும் அதிகம். மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாகக் கையால் எழுதி எடுப்பார்கள். பிறகு அதைக் கார்பன் வைத்தோ ஜெராக்ஸ் போட்டோ பங்கிட்டுக்கொள்வார்கள். தடிப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்றால் அதைப் பிரித்துப்போட வேண்டிய காலம். இன்றைக்கு மெஷின் அதே வேலையைச் சுலபமாக, மலிவாகச் செய்கிறது. விளைவு ஒன்றுதான் எனும்போது, செய்யும் முறை மாறியதால் மட்டும் ஒன்று குற்றமாகிவிடாது என்றார்.

அடுத்து அவர் சொன்னது நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. இன்று மாணவர்கள் எல்லோர் கையிலும் கேமரா உள்ள போன் இருக்கிறது. நூலகத்தில் குறிப்பு எடுப்பதற்குப் பதிலாகப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தப் படத்தை பிரிண்டரில் பிரிண்ட் எடுக்கலாம், போனிலேயே படிக்கலாம், பெரிய திரையில் போட்டும் படிக்கலாம். இதுவும் நியாயமான பயன்பாடுதான், இதைத் தடுக்க முடியாது என்று எழுதினார். டிஜிட்டல் கோப்பிலிருந்து காகிதத்துக்கு வருவதை, கையால் எழுதும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகவே அவர் பார்த்தார்.

கடைக்காரர் விஷயத்திலும் அதே நேர்கோடுதான். பல்கலைக்கழகமே மெஷின் வாங்கி வைத்து, தன் ஊழியரை விட்டு எடுத்துக் கொடுத்திருந்தால் அது மீறல் ஆகாது. அந்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்ததால் மட்டும் அது மீறலாகிவிடாது. 40 பைசா என்பது நகலெடுக்கும் கூலி. புத்தகத்தின் விலைக்குப் போட்டியாக ஒரு விலை வைத்து விற்றதாக அதைச் சொல்ல முடியாது.

பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. நீதிபதிகள் பிரதீப் நந்திரஜோக், யோகேஷ் கன்னா அமர்வு 2016 டிசம்பர் 9 அன்று தீர்ப்பளித்தது. இது தனி நீதிபதியின் தீர்ப்பைவிட நிதானமானது. கல்விக்கான விலக்கு உண்டு, அதற்கு மெஷின் தடையில்லை என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த விலக்குக்குள் நியாயம் என்ற நிபந்தனை தானாகவே அடங்கியிருக்கிறது என்றது. எடுத்த நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுக்கலாம். பக்கக் கணக்கு, சதவீதக் கணக்கு எதையும் நீதிமன்றம் வைக்கவில்லை. “10 சதவீதம் வரை எடுத்தால் தப்பில்லையாம்” என்று கடைகளில் அடிக்கடி கேட்கிறோமே, அப்படி ஒரு எண் நம் சட்டத்தில் கிடையாது. சந்தை பாதிக்கும் என்ற வாதத்தையும் அமர்வு ஏற்கவில்லை. சில பக்கங்களுக்காக முப்பது நாற்பது புத்தகங்களை விலைக்கு வாங்கப்போகிற மாணவர் எவரும் இல்லை. படித்த, சம்பாதிக்கிற குடிமக்கள் பெருகினால் நாளடைவில் புத்தகச் சந்தைதான் பெருகும் என்றது.

அதேசமயம் அமர்வு இரண்டு கேள்விகளை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. பாடத்தொகுப்பில் சேர்த்த பகுதிகள் எல்லாமே பாடத்துக்கு உண்மையில் தேவையா என்பது ஒன்று. நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் கடைக்குப் போனபோது சில புத்தகங்கள் அட்டை முதல் அட்டை வரை நகலாகிக்கொண்டிருந்தன. முழுப் புத்தகத்தையே எடுப்பது விலக்குக்குள் வருமா என்பது இன்னொன்று. அதுவரை தடை எதுவும் வேண்டாம், ஆனால் கொடுக்கும் பாடத்தொகுப்புகளுக்குக் கடை கணக்கு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றத்தில் தர வேண்டும் என்றது.

2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்துப் பின்வாங்கிவிட்டன. நகலெடுக்க அனுமதி விற்கும் அந்த உரிம அமைப்பு தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2017 மே மாதம் அந்த மனு தள்ளுபடியானது.

சரி, வகுப்பறை இல்லாமல் தனியாகப் படிக்கிற ஒருவர், கடைக்கு பி.டி.எஃப் கொண்டுவந்தால்? இங்கே கவனம் தேவை. டெல்லித் தீர்ப்பு நின்றது கல்விக்கான பிரிவில். தனிமனிதப் பயன்பாட்டுக்கு இருப்பது வேறு பிரிவு: 52(1)(ஏ). கணினி நிரல் தவிர எந்தப் படைப்பையும், ஆராய்ச்சி உட்பட, சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமாகக் கையாள்வது மீறல் ஆகாது என்கிறது அது. 2012 ஜூன் 21 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இதோடு ஒரு விளக்கத்தையும் சேர்த்தது: இந்த நோக்கங்களுக்காக ஒரு படைப்பை மின்னணு ஊடகத்தில் சேமித்து வைப்பதும் மீறல் ஆகாது. பி.டி.எஃப்பை உங்கள் போனில் வைத்திருப்பதற்கே சட்டம் இவ்வளவு தெளிவாக இடம் கொடுக்கிறது. அதைக் காகிதத்தில் எடுப்பதற்கு நியாயம் ஒன்றே அளவுகோல்.

கடைக்காரர் கை பட்டதும் அந்தச் சொந்தப் பயன்பாடு வியாபாரமாகிவிடுமா என்பதற்கு டெல்லித் தீர்ப்பின் தர்க்கம் பொருந்தும் என்பதே என் வாசிப்பு. பல்கலைக்கழகத்துக்கு ஒப்பந்தக்காரர் கை என்றால், பிரிண்டர் இல்லாத ஒருவருக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் கை. வீட்டில் லேசர் பிரிண்டர் வைத்திருப்பவருக்கு ஒரு உரிமை, இல்லாதவருக்கு வேறு உரிமை என்று சட்டத்தைப் படிப்பது எனக்கு அநியாயமாகத் தெரிகிறது.

நம்மூரில் இதை எங்கே பார்க்கலாம் என்றால், டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையங்கள் இருக்கும் தெருவுக்குப் போனால் போதும். 6 முதல் 12 வரையிலான பள்ளிப் பாடநூல்களின் பி.டி.எஃப்பைப் போனில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். பெரும்பாலும் முழுப் புத்தகம் கேட்க மாட்டார்கள். “12-ஆம் வகுப்பு வரலாறு, பக்கம் இத்தனையிலிருந்து இத்தனை வரைக்கும் போதும், பிளாக் அண்ட் ஒயிட், ஒரு தாளில் ரெண்டு பக்கம்” என்று கணக்காகச் சொல்வார்கள். கையில் இருக்கிற காசுக்குள் முடிக்க வேண்டும்; திரையில் படித்தால் கோடு போட முடியாது, ஓரத்தில் எழுத முடியாது. ஒரு தேர்வுக்கு வருஷக்கணக்கில் படிக்கிறவர்களுக்குக் காகிதம் ஆடம்பரம் கிடையாது. அந்த நூல்கள் மீதும் பதிப்புரிமை இருக்கத்தான் செய்கிறது. தன் படிப்புக்காக ஒருவர் எடுக்கும் அந்த ஒரு பிரதி, எனக்குத் தெரிந்து நியாயமான கையாளலின் மிகச் சுத்தமான உதாரணம்.

அதே கடையின் சுவரோரம் இன்னொரு காட்சியும் இருக்கும். ஏதோ ஒரு மையத்தின் குறிப்புகள், முழுதாக பைண்டிங் போட்டு, அட்டையில் பாடத்தின் பெயர் எழுதி அடுக்கியிருப்பார்கள். யாரோ ஒரு மாணவர் முன்பு பிரிண்ட் எடுக்கக் கொடுத்த கோப்பு கடைக் கணினியிலேயே தங்கி, அடுத்தடுத்து வருபவர்களுக்கு விற்பனைப் பொருளாகியிருக்கும். எதை எடுப்பது, எத்தனை எடுப்பது என்று முடிவு செய்வது இப்போது கடைக்காரர். இது சொந்தப் பயன்பாடு இல்லை, விற்பனை. சட்டத்தின் 63-ஆம் பிரிவு, தெரிந்தே மீறுபவருக்கும் அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. நேர்மையான கடைக்காரர் தயங்குவது இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டுத்தான். அவர் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயப்பட வேண்டியது சுவரோர அடுக்கைப் பற்றி. கவுன்டரில் நிற்கும் பிள்ளையின் முப்பது பக்கத்தைப் பற்றி இல்லை.

யார் தேர்ந்தெடுத்தார் என்ற இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் இரண்டு வழக்குகளில் பார்க்கலாம். கிங்கோஸ் என்ற ஜெராக்ஸ் கடைத் தொடர், பேராசிரியர்களிடம் தானே போய் வாசிப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கி, பாடத்தொகுப்பு அடித்து விற்கும் திட்டமே வைத்திருந்தது. பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 1991-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி, இது நியாயமான பயன்பாடு இல்லை என்று சொல்லி 5,10,000 டாலர் நஷ்டஈடு விதித்தார். 2004-இல் அந்தத் தொடரை ஃபெட்எக்ஸ் வாங்கியது; பிறகு பெயர் ஃபெட்எக்ஸ் ஆபீஸ் ஆனது.

அதே கடைகள் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்தபோது விஷயம் டிஜிட்டல் கோப்பு. கிரேட் மைண்ட்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு ‘யுரேகா மேத்’ என்ற கணிதப் பாடங்களை இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருந்தது. வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு யாரும் பிரதி எடுக்கலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். பள்ளி நிர்வாகங்கள் அந்தக் கோப்புகளை ஃபெட்எக்ஸ் ஆபீஸில் கொடுத்துக் காசு கட்டிப் பிரிண்ட் எடுத்தன. பள்ளி எடுத்தால் வணிகம் இல்லை, கடை காசு வாங்கி எடுத்தால் வணிகம், எனவே கடை எங்களுக்கு ராயல்டி தர வேண்டும் என்று கிரேட் மைண்ட்ஸ் கேட்டது. 2018 மார்ச் 21 அன்று இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (வட்டாரவாரியாக இருக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) அதை நிராகரித்தது. உரிமம் பள்ளிக்கு இருக்கிறது. பள்ளி தன் ஊழியரை வைத்து எடுக்கலாம் என்றால் கடையை வைத்தும் எடுக்கலாம். 2019 டிசம்பரில் ஆபீஸ் டெப்போ கடைகள் மீது அதே அமைப்பு தொடுத்த வழக்கில் ஒன்பதாம் வட்ட நீதிமன்றமும் அதையே சொன்னது. ஒன்று நியாயமான பயன்பாட்டைப் பற்றிய வழக்கு, மற்றது உரிமத்தின் வாசகத்தைப் பற்றியது; சட்டக் காரணங்கள் வேறுவேறு. ஆனாலும் நடந்ததை அருகருகே வைத்துப் பார்த்தால், 1991-இல் கடை தானே போய்ப் பொருளைத் தயாரித்தது, 2018-இல் வாடிக்கையாளர் கொடுத்ததை அடித்துக் கொடுத்தது. இரண்டிலும் காசு வாங்கியது.

பூட்டுப் போட்ட கோப்புகளில் சிக்கல் கூடுகிறது. காசு கொடுத்து வாங்கிய மின்னூல் பல நேரம் பிரிண்ட் பொத்தானையே காட்டாது. பிரிவு 65ஏ, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு அந்தப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைப்பதை அதே பிரிவு விட்டுவிடுகிறது. ஆனால் இன்னொருவருக்காக உடைத்துக் கொடுப்பவர், யாருக்காக, எதற்காக என்று முழுப் பதிவு வைத்திருக்க வேண்டும். எந்த ஜெராக்ஸ் கடைக்கும் இது ஆகிற வேலை இல்லை. பூட்டோடு வரும் கோப்பைக் கடைக்காரர் மறுத்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அத்தோடு, மின்னூல் விற்பவரின் நிபந்தனைகளில் பிரிண்ட் எடுக்கக் கூடாது என்று இருந்தால், அது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான ஒப்பந்தம். அதற்குக் கடைக்காரர் பொறுப்பாளி கிடையாது.

டெலிகிராம் குழுவில் வந்த திருட்டு பி.டி.எஃப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். “சொந்தப் படிப்புக்குத்தானே” என்ற பதில் இங்கே வலுவிழக்கிறது. கடையில் கிடைக்கிற புத்தகத்தின் முழுக் கோப்பை எங்கிருந்தோ இறக்கி அப்படியே அடித்துக்கொள்வதை நியாயமான கையாளல் என்று என்னால் வாதாட முடியாது. தமிழில் புத்தகம் போடுகிறவர்கள் சில நூறு பிரதிகளை நம்பி அச்சுக்குப் போகிறார்கள்; ஒரு கல்லூரிப் பக்கத்தில் முப்பது ஸ்பைரல் பிரதி ஓடினாலே அவர்களுக்கு அது பெரிய அடி.

எந்தக் கவலையும் இல்லாமல் எடுக்கக் கூடியவையும் நிறைய. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கடந்த நூல்கள், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள், கிரியேட்டிவ் காமன்ஸில் வந்தவை. நீதிமன்றத் தீர்ப்புகளும் இதில் சேர்த்தி; நீதிமன்றமே தடுத்தாலொழிய அவற்றைப் பிரதி எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கடை நடத்துபவர் என்னைக் கேட்டால் சொல்வது: வாடிக்கையாளர் கொண்டுவந்த கோப்பு, அவர் சொன்ன பக்கங்கள், அவருக்கான ஒரு பிரதி. அடித்து முடித்ததும் அவர் கண் முன்னாலேயே கோப்பை அழித்துவிடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விட்டுவைக்க வேண்டாம், வாட்ஸ்அப் வெப்பிலும் மிச்சம் வைக்க வேண்டாம். பில்லில் பக்கத்துக்கு இத்தனை என்று கூலியை மட்டும் போடுங்கள். ஒரே ஆள் ஒரே புத்தகத்தில் இருபது பிரதி கேட்டால், யாருக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்; ஆசிரியர் தன் வகுப்புக்கு எடுக்கிறார் என்றால் டெல்லித் தீர்ப்பு அவருக்கு நேரடியாகவே உதவும்.

சட்டப்படி வாங்கிய ஒரு முழுப் புத்தகத்தின் பி.டி.எஃப்பைத் தனக்காக ஒரே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா? வாங்கியவர், ஏற்கெனவே விலை கொடுத்தவர், கண் வலியால் காகிதம் கேட்பவர் என்றால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன்; பதிப்பகத்துக்கு ஒரு விற்பனையும் குறையவில்லை. ஆனால் டெல்லி அமர்வு முழுப் புத்தகக் கேள்வியை விசாரணைக்கு அனுப்பியது, அந்த விசாரணை தொடங்கும் முன்பே பதிப்பகங்கள் வெளியேறிவிட்டன. சாட்சி சொல்லவும் நிபுணர்கள் பேசவும் வேண்டியிருந்த கேள்வி அந்த வழக்கில் அப்படியே நின்றுவிட்டது.